ஆரக்கிள்: சொந்த ஸ்கிரிப்டா, செயின்லிங்க் ஃபங்ஷன்ஸா?

ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டால் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) தானாக வெளியே போய் ஒரு ஏபிஐயைத் (இன்னொரு சேவையிடம் தரவு கேட்கும் வழி) தட்ட முடியாது. யாராவது தரவைக் கொண்டுவந்து எழுத வேண்டும். அதைச் செய்வதுதான் ஆரக்கிள். ஈத்தர்–டாலர் விலைதான் வேண்டுமென்றால் ரெடிமேட் ஃபீட் இருக்கிறது, மேலே படிக்க வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஊரின் மணிநேர மழை அளவு. மழைக் காப்பீட்டு கான்ட்ராக்ட் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதற்காக.

முதலில் சொந்தமாகத்தான் செய்தேன். சாலிடிட்டியில் (கான்ட்ராக்ட் எழுதும் மொழி) முப்பது வரி: மதிப்பு, நேர முத்திரை, என் முகவரி மட்டுமே எழுதலாம் என்ற நிபந்தனை. அங்கே தசம எண் கிடையாது, அதனால் 12.4 மி.மீ. 124 ஆகப் போகும். இந்தப் பக்கம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதை மணிக்கொரு முறை ஓட்ட கிரான் (நேரம் பார்த்து நிரலைக் கிளப்பும் கருவி). ஒரே மாலையில் வேலை முடிந்தது.

பராமரிப்பில்தான் மாட்டினேன். ஒருநாள் செபோலியாவில் (ஈத்தரியத்தின் சோதனை வலைப்பின்னல்) கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) எகிற, ஒரு பரிவர்த்தனை பெண்டிங்கில் நின்றுவிட்டது. ஈத்தரியத்தோடு பேசும் பைத்தான் நூலகமான வெப்3.பை-யிடம் சும்மா நான்ஸ் (நம் முகவரியின் பரிவர்த்தனை வரிசை எண்) கேட்டால், பிளாக்கில் ஏறியதை மட்டும்தான் எண்ணிச் சொல்லும். அடுத்த மணி நேரமும் ஸ்கிரிப்ட் அதே நான்ஸோடு போய் நின்றது. கட்டணத்தையோ நான் மாறாத எண்ணாக எழுதி வைத்திருந்தேன். பழையதை மாற்றும் அளவுக்குக் கட்டணம் இல்லை என்று நோட் (வலைப்பின்னலில் உள்ள கணினி) திருப்பி அனுப்பியது. பிழையெல்லாம் லாக் ஃபைலில் விழுந்துகொண்டிருந்தது. லாக்கை யார் பார்த்தார்கள்? இரண்டு நாள் கான்ட்ராக்ட் 124 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நேர முத்திரையைச் சேமித்தேனே தவிர, மதிப்பைப் படிக்கும் இடத்தில் சரிபார்க்கவில்லை. என் தப்புதான்.

அப்புறம் செயின்லிங்க் என்ற ஆரக்கிள் சேவையின் ஃபங்ஷன்ஸுக்கு மாறினேன். நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்டைப் பல நோட்கள் தனித்தனியாக ஓட்டி, ஒரே பதிலாகத் திரட்டி கான்ட்ராக்ட்டுக்குத் தருகின்றன. மணிக்கொரு முறை கிளப்பிவிட அதே செயின்லிங்கின் ஆட்டோமேஷன். நான்ஸ் தொல்லை இல்லை, பிரைவேட் கீயை (பரிவர்த்தனையில் கையெழுத்திடும் ரகசியச் சாவி) சர்வரில் வைக்க வேண்டியதும் இல்லை. பதில் 256 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு மழை எண்ணுக்கு அது தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு நோடும் ஏபிஐயைத் தனியாக அழைக்கும். இலவசக் கணக்கின் வரம்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் தீரும். கட்டணமாகப் போகும் செயின்லிங்கின் டோக்கனான லிங்க் இருப்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

நான் ஓட்டியது டெஸ்ட்நெட்டில் மட்டும், அதனால் மெயின்நெட் (நிஜப் பணம் ஓடும் வலைப்பின்னல்) செலவைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். தரவைப் படிப்பது நீங்கள் ஒருவர்தான் என்றால் சொந்த ஸ்கிரிப்டே போதும்.

பழைய ஸ்கிரிப்டை நான் அழிக்கவில்லை. இப்போது அது எதையும் எழுதுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேர முத்திரையைப் படித்து, இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் டெலிகிராமில் என்னைக் கூப்பிடுகிறது.