கோட்டையா, சிறகா? 91ஆம் சங்கீதத்தில் நான் பிடித்துக்கொண்ட வரி

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்காத ஓர் இரவு, பக்கத்தில் உட்கார்ந்து வேதாகமத்தின் 91ஆம் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். 16 வசனத்தையும் கேட்க அவருக்குத் தெம்பில்லை. "ஒரே ஒரு வரி சொல்லுடா, அதையே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். 2ஆம் வசனத்தில் கோட்டை இருக்கிறது, 4ஆம் வசனத்தில் சிறகு. சற்றுத் தடுமாறி, "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

கோட்டையின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கல், உயரம், காவல். கேடகமும் அதே 4ஆம் வசனத்தில் வருகிறது. ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கக் கையில் வலு வேண்டுமே.

கோட்டையில் எனக்குள்ள சிக்கல், நாம்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் எங்கே ஓடுவது? தவிர, மதில் வெளியே இருப்பவனைத் தடுப்பதுபோல உள்ளே இருப்பவனையும் அடைத்துவிடும். தாவீதைக் கொல்லத் துரத்திக்கொண்டிருந்த சவுல் ராஜாவுக்கு, அவன் கேகிலா என்ற ஊருக்குள் போனான் என்று கேட்டதும் ஒரே சந்தோஷம்: வாசலும் தாழ்ப்பாளும் உள்ள ஊருக்குள் தானே போய் மாட்டிக்கொண்டானே! சுமார் 600 பேரோடு அங்கிருந்து வெளியேறித்தான் தாவீது தப்பினான். 57ஆம் சங்கீதத்தின் தலைப்போ அவன் குகையில் ஒளிந்திருந்ததைச் சொல்கிறது. சுற்றிலும் பாறை. அதற்குள் இருந்துகொண்டு அவன் தேடியது "உமது செட்டைகளின் நிழல்"; செட்டை என்றாலும் சிறகுதான். இந்த இடம்தான் என்னைச் சிறகின் பக்கம் சாய்த்தது.

குஞ்சுகளை அணைத்திருக்கும் கோழியைக் கிட்டத்தில் பாருங்கள். உடம்பை உப்பிக்கொண்டு தரையோடு படிந்திருக்கும். குஞ்சு எத்தனை என்று எண்ண முடியாது. நடுவில் ஒன்று இறகை விலக்கித் தலையை நீட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். அந்தக் கதகதப்பு கல்லில் கிடையாது. மதில்மேல் விழும் அடி கல்லுக்கு வலிக்காது; சிறகின்மேல் விழுந்தால் தாய்க்கு வலிக்கும். எருசலேமைப் பார்த்து இயேசு சொன்னதும் இந்தக் கோழியைத்தான். ஆனால் மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், கோழி குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல் அந்த ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்ள அவர் விரும்பியும் அவர்களுக்கு மனதில்லாமல் போகிறது. ஆக, சிறகுக்கும் நாம் கொஞ்சம் நகர வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: செட்டைக்கு எபிரெயத்தில் உள்ள 'கானாஃப்' என்ற சொல் ஆடையின் ஓரத்தையும் குறிக்கும். வேதாகமத்தில், கணவனை இழந்த ரூத் தன் உறவினரான போவாஸிடம் தன்மேல் விரிக்கச் சொன்ன போர்வைக்கும் அதே சொல்தான். குளிர் நடுக்கத்தில் கிடப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தது காய்ச்சல் மட்டும்தான். ஆயுதத்தோடு ஆள் துரத்த, உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களுக்கு இறகைவிடக் கல்தான் பெரிதாகத் தெரியலாம். அவர்களிடம் போய்ச் சிறகைப் புகழ எனக்கு வாய் வராது. தாவீதுக்கு வந்தது.