ஒரே போட்டோ, இரண்டு கதை: குடும்ப வரலாறு சொல்ல ட்வைன்

பூர்வீகம், இடப்பெயர்வு என்று படைப்பு செய்யும் கலைஞர்களிடம் பழைய போட்டோக்களும் பெரியவர்களின் குரல் பதிவுகளும் இருக்கும். கூடவே, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதைகளும் இருக்கும். வீடியோவில் ஏதாவது ஒரு கதையை முன்னால் வைத்தே ஆக வேண்டும். வாசகரே இணைப்பைத் தொட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் கதைகளைச் செய்ய கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் மென்பொருளில் அந்தக் கட்டாயம் இல்லை. இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

கதையின் ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு பெட்டி. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அந்தப் பெயரில் புதுப் பெட்டி முளைத்து, அம்புக்குறியும் வந்துவிடும். ஒரு கல்யாண குரூப் போட்டோவை வைத்து, அதன் கீழே 'ஓரத்தில் நிற்பவர் யார்?' என்று கேளுங்கள். [[பெரியப்பா சொன்னது]], [[அத்தை சொன்னது]] என இரண்டு இணைப்பு கொடுங்கள். எது உண்மை என்று நீங்கள் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. பெட்டிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம்; மாறிகளுக்கு (வாசகரின் தேர்வு போன்ற விவரத்தை நினைவில் வைப்பவை) மட்டும் ஆங்கில எழுத்தே பாதுகாப்பு.

சிக்கல் படத்திலும் ஒலியிலும்தான் வருகிறது. ட்வைன் தருவது பிரவுசரில் திறக்கும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. போட்டோ அதற்குள் தானாகச் சேராது. அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, பாதையை எழுத வேண்டும். எடிட்டருக்குள் சோதிக்கும்போது படம் தெரியாமல் போகலாம், பதற வேண்டாம். கோப்பாக வெளியிட்டுத் திறந்து பாருங்கள். விண்டோஸில் ஓடியது இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போனால், கோப்புப் பெயரின் பெரிய, சின்ன எழுத்தைச் சரிபாருங்கள். பல சர்வர்கள் இரண்டையும் வேறாகவே பார்க்கும். ஸ்கேன் செய்த மூலத்தை அப்படியே ஏற்றாமல் 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்த நகலைப் போடுங்கள்.

ட்வைனில் கதை எந்தக் கட்டளைகளில் இயங்கும் என்பதைத் தீர்மானிக்கும் 'கதை வடிவங்கள்' பல உண்டு. ஒலி முக்கியமென்றால் முதலிலேயே ஷுகர்கியூப் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இயல்பாக வரும் ஹார்லோ வடிவத்தில் ஒலிக்கென்று தனிக் கட்டளைகள் இல்லை. பாதியில் மாறினால் கட்டளைகளை எல்லாம் திரும்ப எழுத வேண்டும். பேச்சுக்கு மோனோ எம்பி3, 96 கேபிபிஎஸ் போதும். நிமிடத்துக்கு சுமார் 0.7 எம்பி. வாசகர் எதையாவது தொடும்வரை பிரவுசர்கள் பொதுவாக ஒலியைத் தானாக ஓட விடாது. அதனால் முதல் பக்கத்தில் 'கேட்கத் தொடங்கு' என்ற இணைப்பு அவசியம்.

கம்ப்யூட்டரில் நிறுவும் பதிப்பையே எடுங்கள். இணையப் பதிப்பு கதையை பிரவுசருக்குள் சேமிக்கிறது. பிரவுசர் தரவை அழித்தால் கதையும் போய்விடும். எதில் எழுதினாலும் வாரம் ஒருமுறை எல்லாக் கதைகளும் அடங்கிய ஆர்க்கைவ் கோப்பை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஊர் ஊராக வரைபடத்தில் நகரும் கதைக்கு ட்வைன் தோதுப்படாது. அதற்கு ஸ்டோரிமேப்ஜேஎஸ் என்ற இணையக் கருவி நல்லது.