லோ ரேஞ்ச்: லீவரா, சுவிட்சா, இல்லாமலே சமாளிச்சுக்கலாமா?

மச்சான் ஏலத்தோட்டத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி பாத்துக்கிட்டு இருக்காரு, போடிமெட்டு ஏறி தார் ரோடு முடியுற எடத்துலருந்து நாலு கிலோமீட்டர் வெறும் கல்லும் சேறும், அதுக்கு லீவர் வச்ச ஜிம்னியா, பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவா, இல்ல டேஷ்போர்டுல திருகுற சுவிட்ச் இருக்குற பெரிய வண்டியான்னு ரெண்டு மாசமா என் உயிர வாங்குறாரு. "நாலு சக்கரமும் சுத்துதுல்ல மாப்ள, அப்புறம் என்ன"ங்குறாரு. சுத்துறது வேற, எவ்ளோ மெதுவா சுத்துதுங்குறது வேற. அப்படி மெதுவா, பலமா சுத்த வைக்க ஓட்டுற கியருக்கு மேல இன்னொரு கியர் சேக்குறதுதான் லோ ரேஞ்ச், சாதாரணமா ஓட்டுறது ஹை.

ஜிம்னி மேனுவல் கியர் வண்டிய எடுத்துக்கோங்க. ஃபர்ஸ்ட் கியர் 4.425, ஆக்சில்ல இருக்குற கிரவுன் 4.09, லோல போட்டா ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல (முன்னுக்கும் பின்னுக்கும் பவர பிரிச்சுக் குடுக்குற பெட்டி) இன்னொரு 2.002, மூணையும் பெருக்குனா 36 சொச்சம் வரும், அதாவது இஞ்சின் 36 சுத்து சுத்துனாத்தான் டயர் ஒரு சுத்து. 1000 ஆர்பிஎம்ல மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் கணக்கு, தலையில மூட்டையோட நடக்குற ஆள் வேகம். அதே வண்டி ஹைல ஏழு கிலோமீட்டருக்கு மேல போயிரும். டஸ்டர்ல லோ ரேஞ்சே கிடையாது, அதுக்குப் பதிலா ஃபர்ஸ்ட் கியரையே நல்லா கட்டையா 4.45ன்னு வச்சிருக்கான், 1000 ஆர்பிஎம்ல 5.8 கிலோமீட்டர் கிட்ட வரும். ஜிம்னியோட ஹைக்கும் லோக்கும் நடுவுல நிக்குது பாருங்க. அவன் செஞ்சது நல்ல சமரசந்தான், ஆனா சமரசம் சமரசந்தான்.

ஏத்தத்துல இந்த வித்தியாசம் கிளட்ச்சுல தெரியும். லோ இல்லாத வண்டிய பெரிய கல்லு மேல ஏத்தணும்னா ஒண்ணு வேகமா அடிக்கணும், இல்ல கிளட்ச்ச பாதி மிதிச்சுக்கிட்டே தொங்கணும், அடிச்சா அடியில இடிக்கும், தொங்குனா பிளேட் கருகும். பத்தாததுக்கு பின்பக்கம் பவர் அனுப்புற கப்ளிங் சேத்துல ரொம்ப நேரம் வழுக்குனா சூடாகி, தன்னக் காப்பாத்திக்க கொஞ்ச நேரம் கழட்டிக்கும், அந்த நேரத்துல உங்ககிட்ட இருக்குறது வெறும் முன்சக்கர வண்டி. லோல போட்டா கிளட்ச்ச விட்டுட்டு கால கீழ வச்சுக்கலாம், வண்டி அதுபாட்டுக்கு ஏறும்.

ஆனா என்னக் கேட்டா லோ ரேஞ்சோட அருமை ஏறுறதுல இல்ல, எறங்குறதுல. சூரியநெல்லியிலருந்து கொழுக்குமலைக்கு ஜீப்ல போனவங்களுக்குத் தெரியும் (எஸ்டேட் நம்ம தேனி மாவட்டம், ரோடு மட்டும் கேரளா வழியா, அது ஒரு தனி கத). நான் போனப்ப எறக்கத்துல டிரைவர் அண்ணன் லோல போட்டு, செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு ரெண்டு காலையும் பெடல்லருந்து எடுத்துட்டாரு, பீடி பத்த வைக்குறாரு, இஞ்சினே பிடிச்சுக்க, வண்டி உறுமிக்கிட்டே ஒவ்வொரு கல்லா தடவித் தடவி எறங்குது. பிரேக்க ஒரு தடவ கூட தொடல. அதே எறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பி எறங்குனா பாதியிலயே கருகுன வாசம் வர ஆரம்பிச்சுரும், அதுக்கப்புறம் பெடல் பஞ்சு மாதிரி போகும், கும்பிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு விஷயம், ஜிம்னி, தார் மாதிரி வண்டிங்கள்ல நடுவுல டிஃபரன்ஷியல் (முன்னையும் பின்னையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) கிடையாது. தார் ரோட்டுல (வண்டி இல்ல, ரோடு) ஃபோர் வீல் போட்டு வளைச்சீங்கன்னா முன்னும் பின்னும் வேற வேற தூரம் ஓடணும், ஓட முடியாம முறுக்கிக்கும், ஸ்டியரிங் கல்லாட்டம் ஆகும், லீவரும் வெளிய வராது. பயந்து போய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேணாம், நேரா நாலடி ரிவர்ஸ் வந்தா முறுக்கு விட்டுரும். இதுல சுபாரு ஆளுங்க கெட்டிக்காரனுங்க, ஆஸ்திரேலியாவுல வித்த மேனுவல் ஃபாரஸ்டர்ல ஹேண்ட்பிரேக் பக்கத்துல குட்டி லீவர் ஒண்ணு வச்சு 1.447ன்னு ஒரு சின்ன லோ குடுத்தான், நடுவுல டிஃபரன்ஷியல் இருக்குறதால தார் ரோட்டுலயும் போட்டுக்கலாம். பாறைக்குப் பத்தாது, படகு இழுக்குறதுக்கும் செங்குத்து ஏத்தத்துல கெளப்புறதுக்கும் அருமை.

இனி ரிப்பேர். லீவர் டைப்புல வர்ற முக்கால்வாசி கோளாறு ஓட்டாமப் போட்டு வச்சதுனால வர்றது, உள்ள கியர தள்ளுற ஃபோர்க் ஓடுற ராடுலயும், லீவர அதோட சேக்குற லிங்கேஜ்லயும் துரு ஏறி, கிரீஸ் காஞ்சு இறுகிரும். மாசம் ஒரு தடவ மண் ரோட்டுல லோ போட்டு நூறு அடி ஓட்டுனாலே போதும். எறக்கத்துல ஆக்சிலரேட்டர விட்டதும் லீவர் தானா நியூட்ரலுக்கு குதிக்குதுன்னா அதுதான் ஆபத்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போயிட்டா கியர்ல இருந்தாலும் இஞ்சின் பிடிக்காது, வண்டி உருளும். உடனே கியர்பாக்ஸ எறக்கணும்னு சொல்ற மெக்கானிக்க நிறுத்துங்க, முதல்ல பெட்டியத் தாங்குற மவுன்ட் ரப்பர் அறுந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் லிங்கேஜ் புஷ், அப்புறம் உள்ள இருக்குற சின்ன ஸ்பிரிங்கும் இரும்பு குண்டும், கடைசியாத்தான் ஃபோர்க். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆயிலும் தனி, இஞ்சின் ஆயில் மாத்துற எடத்துல இத யாரும் தொட மாட்டாங்க. ஓடை தாண்டுன மறுநாள் அந்த ஆயில் பிளக்க கொஞ்சம் தளத்திப் பாருங்க, பால் காப்பி நிறத்துல வந்தா தண்ணி பூந்துருச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே மாத்திருங்க.

சுவிட்ச் டைப்புல லோ போடுறது ஒரு சின்ன மோட்டார். சுகமாத்தான் இருக்கும், ஆனா அது நூறு கண்டிஷன் பாக்கும், வண்டி நிக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும், பேட்டரி தெம்பா இருக்கணும். என் பழைய வண்டியில (கம்பெனி பேர் வேணாம்) ஒரு மழைநாள் 4எல் (லோ) லைட்டு மினுக் மினுக்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, உள்ள விழ மாட்டேங்குது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல மொத்த ட்ரான்ஸ்ஃபர் கேஸையே மாத்தணும்னு எஸ்டிமேட் குடுத்தாங்க, எனக்கு தல சுத்திருச்சு. வீட்டுக்குப் பக்கத்துல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வண்டிக்கு அடியில படுத்து கனெக்டர கழட்டிக் காட்டுறாரு, பின்னுல பச்சையா களிம்பு புடிச்சிருக்கு. பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரே, 300 ரூவா. இன்னொண்ணு, சில நேரம் கியர் பல்லு நேருக்கு நேரா முட்டிக்கிட்டு நிக்கும், ரெண்டடி உருட்டி விட்டா டக்குனு விழுந்துரும்.

லோ இல்லாத வண்டியில இந்தத் தொல்ல எதுவும் இல்ல, அதுக்குப் பதிலா கிளட்ச் செலவு. மழையில தார் ரோடு, புல்லு, லேசான சேறு, இவ்ளோதான் உங்க பாதைன்னா டஸ்டர் மாதிரி வண்டிய கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம், குடும்பத்தோட மதுரைக்குப் போறதுக்கு ஜிம்னிய விட சொகுசுதான். மச்சானோட பாதைக்கு லீவர்தான், ஏன்னா மலையில நின்னு போனா பக்கத்து ஜீப் டிரைவரே ஸ்பேனரோட பூந்து சரி பண்ணிருவாரு, ஸ்கேனர் தேடி எறங்க வேணாம்.

போன ஞாயித்துக்கிழம ஒரு லீவர் வண்டி பாக்கப் போனோம். பாடி பளபளன்னு இருக்கு, டயர் புதுசு. மச்சான் உக்காந்து குட்டி லீவர இழுக்குறாரு, அசையல, ரெண்டு கையாலயும் இழுக்குறாரு, அசையல. ஓனர் சிரிச்சுக்கிட்டே "அதெல்லாம் நாங்க ஒரு நாளும் போட்டதில்ல சார், வண்டி அவ்ளோ பத்திரமா வச்சிருக்கோம்"ங்குறாரு. நான் அடியில குனிஞ்சு பாத்தேன், லிங்கேஜ் பூரா செம்மண்ணு கலர்ல துரு. மச்சான ஓரமா கூட்டிட்டுப் போய் சொன்னேன், நாப்பதாயிரம் கொறச்சுக் கேளுங்க, ஒத்துக்கிட்டா வாங்கிருவோம்.