ஆமைக் கரையா, திமிங்கிலக் கடலா: தன்னார்வலராக எங்கே போகலாம்?

வெளிநாட்டுக் கடலுயிர் ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலும் காசு கட்டித்தான் தன்னார்வலராகச் சேர முடியும். "வேலையும் செய்யணும், பணமும் கொடுக்கணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பணம்தான் படகுக்கு டீசலாகவும் ஆய்வு நிலையத்தில் சோறாகவும் மாறுகிறது. ஆகவே எது மலிவு என்று தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். நம் கை அங்கே உண்மையில் தேவையா? நாம் குறித்துவைக்கும் எண் பத்து வருடம் கழித்தும் யாருக்காவது உதவுமா?

இந்த இரண்டிலும் தேறும் மூன்று இடங்கள்: கோஸ்டா ரிக்காவின் டோர்டுகேரோ, கிரேக்கக் கடற்கரைகள், இத்தாலியின் லிகூரியக் கடல்.

பதிவின் நீளத்தில் டோர்டுகேரோவை மிஞ்சுவது கடினம். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் அங்கே பேராமைகளுக்கு (பச்சை ஆமை) அடையாளத் தகடு பொருத்தத் தொடங்கினார். அந்தப் பணிக்காக 1959இல் உருவான அமைப்புதான் இன்றைய சீ டர்ட்டில் கன்சர்வன்சி. பேராமைக் காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. ஊருக்குச் சாலை கிடையாது, பெரும்பாலும் கால்வாய் வழியே படகில்தான் போவார்கள். வேலை முழுக்க இரவில்: முதல் குழு எட்டு மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவில் திரும்பும், அடுத்த குழு விடியும் முன்பு வரை நடக்கும். கறுப்பு உடை, தேவைப்பட்டால் மட்டும் சிவப்பு விளக்கு.

ஆமை கரையேறிய தடம் தெரிந்ததும் யாரும் பக்கத்தில் ஓடக்கூடாது. அது உடலுக்கு ஒரு பள்ளம் பறித்து, பின்துடுப்புகளால் முட்டைக்குழியைத் தோண்டி முடிக்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அது சுற்றுப்புறத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அப்போது ஒருவர் பின்னால் மண்ணில் குப்புறப் படுத்து, விழும் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். பெரும்பாலும் நூற்றுக்கு மேல் போகும். இன்னொருவர் குழியிலிருந்து செடிகளில் கட்டிய மூன்று நாடாக்கள்வரை தூரத்தை அளப்பார். முட்டை பொரிந்து முடிந்தபின் அதே குழியைக் கண்டுபிடித்து, எத்தனை பொரிந்தன என்று பார்க்க அந்த அளவுதான் வழி. கடைசியாக முன்துடுப்பில் பழைய தகடு இருக்கிறதா என்று தேடுவார்கள். இல்லையென்றால் புதுசு ஒன்றைப் பொருத்துவார்கள்.

மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய பேராமைக் கரை இதுதான். இங்கும் 2000களின் இறுதியிலிருந்து கூடுகள் குறைந்துவருகின்றன. வருடா வருடம் யாரோ இருட்டில் எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் இது தெரியவந்தது. தன்னார்வலர் கைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. மழை, கொசு, ஈர மணலில் மணிக்கணக்கான நடை. முட்டி வலி உள்ளவர்கள் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பாதுகாப்பு. இதே கரீபியக் கரையில் தெற்கே உள்ள மொயின் கடற்கரையில், 2013இல் ஆமை முட்டைகளைக் காத்துவந்த ஹைரோ மோரா என்ற இளைஞர் கொல்லப்பட்டார். டோர்டுகேரோ வேறு இடம், தேசியப் பூங்காவை ஒட்டியது. ஆனாலும் எந்த இரவு ரோந்துத் திட்டத்திலும் சேரும் முன், உங்களுடன் நடக்கப்போவது யார், முட்டைத் திருடர்கள் எதிர்ப்பட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

கிரேக்கத்தில் 1983இல் தொடங்கிய ஆர்க்கெலோன் அமைப்பு பெருந்தலை ஆமைகளுக்காக வேலை செய்கிறது. ஜாகின்தோஸ் தீவும் கிபரிசியா வளைகுடாவும் முக்கிய இடங்கள். இங்கே நாள் விடியற்காலையில் தொடங்கும். இரவில் ஆமை வந்துபோன தடத்தைப் படித்து, முட்டையிட்டதா, சும்மா திரும்பிவிட்டதா என்று சொல்லப் பழக வேண்டும். முட்டை இருந்தால் கையால் தேடி உறுதி செய்து, நரியும் நாயும் தோண்டாதபடி மேலே கம்பி வலை பதிக்க வேண்டும். அலை எட்டும் இடமென்றால் கூட்டையே மேட்டுக்கு மாற்றுவார்கள். மாலையில் சுற்றுலாப் பயணிகளிடம் பேச்சு: ராத்திரி குடையையும் சாய்வு நாற்காலியையும் மணலில் விட்டுவைக்காதீர்கள், கடற்கரைப் பக்க விளக்கை அணையுங்கள். வெளிச்சம் தெரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டு ஹோட்டல் பக்கம் ஊர்ந்துவிடும்.

ஆமையை நேரில் பார்க்கும் வாய்ப்பு டோர்டுகேரோவைவிடக் குறைவு. தங்குவது கூடாரத்தில், சமையல் உங்கள் முறை வரும்போது நீங்களே. ஆனால் கட்டணம் மூன்றிலும் குறைவு, தன்னார்வலர் இல்லாவிட்டால் இந்த வேலை அப்படியே நின்றுவிடும். ஒரு மாதமாவது இருக்க முடிந்தவர்கள் போக வேண்டிய இடம் இது. தடம் படிக்கக் கற்றுக்கொள்ளவே சில நாள் ஆகும், ஒரு வார விருந்தாளியால் அவர்களுக்குச் சுமைதான். கூடாரம் ஒத்துவராதென்றால், ஏதென்ஸ் பக்கம் கிளிஃபாடாவில் பழைய ரயில் பெட்டிகளில் இதே அமைப்பின் மருத்துவ மையம் இயங்குகிறது. தூண்டில் விழுங்கிய ஆமைகளும் படகு இடித்து ஓடு பிளந்த ஆமைகளும் வரும். தொட்டி கழுவுவதும் மீன் நறுக்குவதும்தான் அதிகம், ஆனால் அதில்லாமல் சிகிச்சை இல்லை.

விடுப்பு ஒரு வாரம்தான் என்றால் லிகூரியக் கடல். 1986இல் தொடங்கிய டெத்திஸ் ஆய்வு நிறுவனம் கோடையில் சான்ரெமோவிலிருந்து படகு எடுக்கிறது. இத்தாலி, பிரான்ஸ், மொனாக்கோ மூன்றும் 1999இல் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய பெலாகோஸ் என்ற திமிங்கிலச் சரணாலயத்தில்தான் பயணம். முறை வைத்துத் தொலைநோக்கியில் கடலைத் துழாவ வேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலம் முக்கால் மணி நேரம்கூட ஆழத்தில் இருக்கும். நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கியில் அதன் 'டிக் டிக்' சத்தத்தைப் பின்தொடர்ந்துபோய், மீண்டும் முங்கும்போது உயரும் வாலைப் படமெடுப்பார்கள். வால் விளிம்பின் வெட்டுகள்தான் அதன் அடையாளம். ஃபின் திமிங்கிலத்துக்கு வலது தாடை மட்டும் வெள்ளை, ஆகவே வலப்பக்கப் படத்துக்கு மதிப்பு அதிகம். கப்பல் மோதி இறக்கும் திமிங்கிலங்களைக் குறைக்க, அவை எங்கே எப்போது திரிகின்றன என்ற இந்தப் பதிவுகள் தேவை. நாள் கணக்கில் பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் செலவு அதிகம். காற்று அடித்தால் துறைமுகத்திலேயே கிடக்க வேண்டும், குமட்டல் உள்ளவர்களுக்குச் சிரமம்.

நாலாவதாக ஒன்றைப் பலர் கேட்கிறார்கள்: இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ள ஆமைப் பொரிப்பகங்கள். பக்கம், செலவும் குறைவு. ஆனால் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருந்து, வருகிறவர்கள் கையில் கொடுத்துப் படமெடுக்க விடும் இடங்களுக்கு நான் போகச் சொல்லமாட்டேன். பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் ஆழ்கடல்வரை நீந்துவதற்கான தெம்பு. தொட்டியில் சுற்றிச் சுற்றி அது தீர்ந்துவிடும். பொரிந்த அன்று இரவே கடலில் விடுகிறார்களா என்று கேளுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் ஷெங்கன் விசா வேண்டும், ஆகவே விண்ணப்பத்தைப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். அதற்குள் சென்னையில் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே இருக்க முடிந்தால், 1988 முதல் இயங்கும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் இரவு நடையில் சேர்ந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஒரு முறை நடந்து பாருங்கள். மணலில் உங்கள் கால் தாங்குமா, ஆமையே வராத இரவிலும் உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா என்பது முன்பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.