லேடர் 3 வண்டியும் ரிப்பீட்டர் பொத்தானும்: நியூயார்க் 9/11 அருங்காட்சியகம், ஒரு மதிப்பீடு

2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலில் விழுந்த இரட்டைக் கோபுரங்களின் இடத்தில், மேலே இருக்கும் இரண்டு நீர்த்தடாகங்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தீயணைப்புப் பணி தெரிந்தவர்களுக்கும் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் உண்மையான விஷயம் 70 அடி கீழே, பாறைமட்டத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் லேடர் 3 என்ற ஏணித் தீயணைப்பு வண்டியிடம் போங்கள். முன்பக்க கேபின் சிதைந்து கிடக்கிறது. அந்த வண்டியின் கம்பெனியிலிருந்து (தீயணைப்புக் குழுவிலிருந்து) போன 11 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு லேடர் வண்டிக்கு அதிகாரியோடு சேர்த்து 6 பேர்தான் கணக்கு. பிறகு எப்படி 11? முதல் விமானம் மோதியது காலை 8:46. ஷிஃப்ட் மாறுவது 9 மணிக்கு. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களும் சேர்ந்தே போனார்கள். அன்று இறந்த 343 தீயணைப்புத் துறையினரில் பலருடைய கதை இதுதான்.

அங்கேயே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடுப்பு, மூச்சுக்கருவி, கைக்கருவிகள் எல்லாம் சேர்த்து ஒருவர் மேல் சுமார் 27 கிலோ. ஹோஸ் தூக்கியவருக்கு இன்னும் அதிகம். அந்தச் சுமையோடு படியேற ஒரு மாடிக்கு ஒன்றரை முதல் 2 நிமிடம். வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது 93 முதல் 99 வரையிலான மாடிகளில். படியேறியே அங்கே சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். கோபுரம் நின்றது 102 நிமிடம். தெற்குக் கோபுரத்தில் பட்டாலியன் சீஃப் (பல கம்பெனிகளுக்குத் தலைமை அதிகாரி) ஓரியோ பால்மர் 78-ஆம் மாடியை எட்டினார் என்றால், 40-ஆம் மாடி வரை ஒரு லிஃப்ட் ஓடியதால்தான். அங்கே தனித்தனியாக எரிந்த நெருப்பை அணைக்க இரண்டு ஹோஸ் லைன் போதும் என்று ரேடியோவில் நிதானமாகச் சொன்னார். சில நிமிடங்களில் கோபுரம் விழுந்தது.

ரேடியோ விஷயத்தைத் தெரிந்துகொண்டு போனால்தான் இந்த இடம் முழுதாகப் புரியும். 1993-இல் இதே கட்டடத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, உயரமான மாடிகளிலும் வாக்கிடாக்கி கேட்க வேண்டும் என்று அங்கே ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கிப் பலப்படுத்தித் திருப்பி அனுப்பும் கருவி, வைத்திருந்தார்கள். அதை இயக்கும் பலகையில் அழுத்த வேண்டியவை இரண்டு பொத்தான்கள். அன்று ஒன்று அழுத்தப்பட்டது. அந்தப் பலகையில் பேசுவதற்கான மாஸ்டர் ஹேண்ட்செட்டை உயிர்ப்பிக்கும் இரண்டாவது அழுத்தப்படவில்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிகள் ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, வடக்குக் கோபுரத்தில் சாதாரண சேனலுக்கு மாறினார்கள். தெற்குக் கோபுரம் 9:59-க்கு விழுந்ததும் எல்லோரும் இறங்குங்கள் என்று உத்தரவு போனது. மேலே இருந்த பலருடைய காதுக்கு அது எட்டவில்லை.

போவதற்கு முன் கட்டாயம் படிக்க வேண்டியது, நியூயார்க் தீயணைப்புத் துறை 2001 அக்டோபர் முதல் 2002 ஜனவரி வரை தன் ஆட்களிடம் எடுத்த 503 வாய்மொழிப் பதிவுகள். சுமார் 12,000 பக்கம். வழக்கு நடந்த பிறகே 2005 ஆகஸ்டில் வெளியாகின. ஓய்வுபெற்ற வீரர்கள் இன்று பேசுவதற்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இன்றைய பேச்சில் அந்த நாளின் பொருள் தெளிவாக இருக்கும். பதிவுகளில் எந்த வாசல், எந்தத் தெரு, யார் பக்கத்தில் நின்றார் என்பது இருக்கும். நேரம் மட்டும் இரண்டிலும் தடுமாறும், அதை ரேடியோ பதிவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீரர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சத்தம் இடிபாட்டுக்குள்ளிருந்து கேட்ட கீச்சொலி. மூச்சுக்கருவி அணிந்தவர் அரை நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அலறும் கருவி அது.

வரலாற்றுக் கண்காட்சிப் பகுதியில் எனக்குக் குறை உண்டு. வழி குறுகல், கூட்டம் நெருக்கும், ஒரு மூலையின் ஒலி இன்னொன்றில் கலக்கும். படம் எடுக்க அனுமதி இல்லை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டாம். அதைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முன், இடிபாட்டிலிருந்து கடைசியாக அகற்றப்பட்ட 36 அடி உயரத் தூணைச் சுற்றி வாருங்கள். ஆறு பேரை இழந்த ஸ்குவாட் 41 என்ற தீயணைப்புக் குழுவின் குறி அதில் ஸ்ப்ரே பெயின்டில் இருக்கிறது.

பலர் தவறவிடுவது வெளியே, 2019-இல் திறந்த நினைவுப் பாதை. இடிபாட்டுத் தூசியால் நோயுற்றவர்களுக்கானது. மூச்சுக்கருவி சிலிண்டரில் இருக்கும் காற்று மணிக்கணக்கில்கூட வராது, இடிபாட்டில் மாதக்கணக்கில் நீண்ட வேலைக்கு அது ஆகவில்லை. ஃபில்டர் முகமூடியோ தூசியில் அடைத்துக்கொள்ளும், போட்டுக்கொண்டு பேசவும் முடியாது. அதனால் கழற்றினார்கள். 2023 செப்டம்பரில், நோயால் இறந்த துறையினரின் எண்ணிக்கையும் 343-ஐத் தொட்டது.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. விமான நிலையம் போலப் பரிசோதனை இருப்பதால் பெரிய பை வேண்டாம். முடிந்ததும் லிபர்ட்டி தெருவில் எதிரே இருக்கும் இன்ஜின் 10, லேடர் 10 நிலையத்தின் பக்கச் சுவரில் 56 அடி நீள வெண்கலச் சிற்பத்தைப் பாருங்கள், கட்டணம் இல்லை. இன்றும் அழைப்புக்கு வண்டி புறப்படும் நிலையம் அது, ஷட்டர் வாசலை மறித்து நிற்காதீர்கள்.