சின்னப் பசங்களோட கடலுக்கு: கோவளமா, பாண்டியா, ராமேஸ்வரம் பக்கமா?

கோடை லீவுக்குக் குழந்தைங்கள கூட்டிக்கிட்டு கடலுக்குப் போகணும்னு சென்னைல யார்கிட்ட கேட்டாலும் மூணு ஊர் பேரு தான் முதல்ல வரும். கோவளம்-மகாபலிபுரம், பாண்டிச்சேரி, ராமேஸ்வரம். ரூம் எப்படி, சாப்பாடு எப்படி, சுத்திப் பாக்க என்ன இருக்குன்னு தான் நிறைய பேரு ஒப்பிட்டுப் பாக்குறாங்க, ஆனா ரெண்டு வயசுலருந்து எட்டு வயசு வரைக்கும் இருக்கற குழந்தைக்கு அதெல்லாம் அப்புறம் தான், அந்தத் தண்ணில அது காலாவது வைக்கலாமா, பக்கத்துல நின்னுக்கிட்டு நாம நிம்மதியா இருக்க முடியுமா, அதான் முதல் கேள்வி. அத வச்சுப் பாத்தா ஏப்ரல், மே மாசத்துல என் ஓட்டு ராமேஸ்வரம் ரோட்டுல இருக்கற அரியமான் பீச்சுக்குத் தான்.

முதல்ல கோவளம். 2021ல ப்ளூ ஃபிளாக் சான்றிதழ் வாங்கின பீச். அதுக்கு தண்ணி சுத்தம், டாய்லெட், உடை மாத்துற ரூம், லைஃப் கார்டுன்னு எல்லாத்துக்கும் விதிமுறை இருக்கு. கைக்குழந்தையோட போற அம்மாவுக்கு சுத்தமான டாய்லெட் எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லவே வேணாம். சென்னைலருந்து ஈசிஆர்ல காலைல கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம், குழந்தைக்கு முடியலன்னா அன்னைக்கே வீட்டுக்கும் திரும்பிடலாம். மகாபலிபுரமும் பக்கம், போற வழில வடநெம்மேலி முதலைப் பண்ணை, அது பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும். குறைன்னு பாத்தா அலை தான். அலைச்சறுக்கு விளையாடுறவங்க தேடி வர்ற கடல் அது, அப்போ அலை எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. சென்னைக் கடல் பூரா இப்படித் தான், கொஞ்ச தூரத்துலயே சட்டுனு ஆழம் வந்துடும், இழுக்குற நீரோட்டமும் உண்டு. லைஃப் கார்டு இருந்தாலும் நாலு வயசுக் குழந்தைய கால் நனைக்க விடலாம், கைய விடக்கூடாது. அதனால கோவளம்னா மணல்ல வீடு கட்டி விளையாடற பீச்னு வச்சுக்கோங்க, தண்ணில ஆடணும்னா நீச்சல் குளம் இருக்கற ரிசார்ட்டா பாத்து எடுங்க.

பாண்டி பெரியவங்களுக்கு நல்ல ஊரு. பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, பசங்க இஷ்டத்துக்கு ஓடலாம், பாரதி பூங்கா பக்கத்துலயே இருக்கு, சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல. அவசரம்னா ஜிப்மர் இருக்கு, இது சின்ன விஷயம் இல்ல. ஆனா பீச் ரோட்டுல பெரும்பகுதி கருங்கல் தான் கொட்டி வச்சிருக்காங்க. துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம் மணல் வரத்து தடைப்பட்டு கரை அரிச்சுப் போன கதை அது. இப்போ ஒரு பகுதில மறுபடி மணல் சேர்ந்திருக்கு, அங்க உக்காந்து விளையாடலாம், தண்ணில இறங்க வேணாம். கல்லு மேல பசங்கள ஏற விடவே விடாதீங்க, பாசி வழுக்கும். பாரடைஸ் பீச்சுக்கு சுண்ணாம்பாறுலருந்து படகுல போறது பசங்களுக்கு ஜாலி தான், இறங்கினதும் எதிர்ல இருக்கறது திறந்த கடல், அலை பலமா இருக்கும். பாண்டி போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்கன்னா சின்ன வீராம்பட்டினத்துல இருக்கற ஈடன் பீச்சுக்குப் போங்க, கோவளத்தோட சேர்ந்து 2021ல ப்ளூ ஃபிளாக் வாங்கினது தான். வாரக்கடைசில வேணாம், கூட்டமும் குடிச்சிட்டு வர்றவங்களும் அதிகம்.

இப்போ ராமேஸ்வரம். தீவுக்கு வடக்க பாக் விரிகுடா, தெற்க மன்னார் வளைகுடா. அங்க இருக்கறவங்க வடக்கப் பெண்கடல்னும் தெற்க ஆண்கடல்னும் சொல்லுவாங்க. வடபக்கக் கடல் ஆழம் கம்மி, எதிர்ல இலங்கை இருக்கறதால பெரிய கடலோட அலை நேரா வந்து மோதாது. கோடைல காத்து தெக்கு, மேக்குலருந்து அடிக்கறப்போ வடகரை காத்துக்கு மறைவா இருக்கும், அதனால தண்ணி கிட்டத்தட்ட குளம் மாதிரி கிடக்கும். அரியமான் தீவுக்கு முன்னாடியே, இதே வடகடல் கரைல, உச்சிப்புளி பக்கம். கொஞ்ச தூரம் நடந்தாலும் முழங்கால் அளவு தான் தண்ணி, கரைல சவுக்கு மர நிழல் இருக்கு. அஞ்சு வயசுப் பிள்ளை உக்காந்த இடத்துலயே தண்ணிய அடிச்சு விளையாடும், நாமளும் பக்கத்துலயே உக்காந்துக்கலாம். அந்த சந்தோஷம் மத்த ரெண்டு ஊர்லயும் கிடைக்காது.

குறைகளும் இருக்கு. கோவளம் அளவுக்கு ஏற்பாடு எதிர்பாக்காதீங்க, மாத்துத்துணி, குடிதண்ணி, சாப்பாடு எல்லாம் கையோட கொண்டு போயிடுங்க. சொறிமீன் (ஜெல்லிஃபிஷ்) வர்ற நாள் உண்டு, இறங்குறதுக்கு முன்னாடி அங்க இருக்கற மீனவர்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும். பெரிய ஆஸ்பத்திரின்னா ராமநாதபுரம் வரணும். இன்னொன்னு, இதெல்லாம் கோடைக்கு மட்டும் தான். அக்டோபர்ல ஆரம்பிச்சு வாடைக்காத்து அடிக்கற மாசங்கள்ல இதே வடகடல் கொந்தளிக்கும், பொங்கல் லீவுக்கு நான் சொல்றதே வேற, பேசாம மகாபலிபுரம் போங்க, வெயிலும் இருக்காது, பசங்க கல்லு யானைய சுத்தி சுத்தி வருவாங்க.

தனுஷ்கோடிய கண்டிப்பா பாக்கலாம். 1964 புயல்ல அழிஞ்ச ஊரு, பெரிய பசங்களுக்குக் கதையா சொல்லலாம். அரிச்சல்முனைல மட்டும் தண்ணில இறக்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற இடம், நீரோட்டம் பயங்கரம். நிழலும் கிடையாது, அதனால காலைலயே போயிட்டு வந்துடுங்க.

கன்னியாகுமரி பத்தியும் கேக்குறாங்க. சூரிய உதயத்துக்குப் போங்க, விவேகானந்தர் பாறைக்குப் படகுல போங்க, கடல்ல இறங்குற ஊர் அது இல்ல. 2024 மே மாசம் கணபதிபுரம் பக்கத்துல மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலைல போனாங்க, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. கள்ளக்கடல்னா வானம் தெளிவா இருக்கும், காத்தே இருக்காது, எங்கயோ தூரத்துல கிளம்பின அலை வந்து அடிக்கும். எந்த ஊர் கடலுக்குப் போனாலும் கிளம்புற அன்னைக்கு இன்காய்ஸ் (INCOIS, மத்திய அரசோட கடல் தகவல் மையம்) எச்சரிக்கைய பாருங்க.

வயசு வாரியா சொல்லணும்னா, ரெண்டு வயசுக்குள்ள இருந்தா தூரமே வேணாம், கோவளம் போதும். மூணுலருந்து எட்டு வரைக்கும் அரியமான். தாத்தா பாட்டியும் கூட வர்றாங்க, கோயிலும் வேணும்னா அப்பவும் ராமேஸ்வரம் பக்கம் தான். எங்க போனாலும் காலைல 9 மணிக்குள்ள, சாயங்காலம் 4.30க்கு மேல, நடுவுல ரூம் தான். வளர்ந்த பிள்ளைங்க இருந்தா நீங்க தம்பதியா காபி குடிச்சுக்கிட்டு நடக்க பாண்டி.

ராமேஸ்வரத்துக்கு சென்னைலருந்து ராத்திரி ரயில் இருக்கு, பசங்க தூங்கிட்டே வந்துடுவாங்க, காலைல பாம்பன் பாலத்துல ஜன்னல் பக்கம் உக்கார வச்சிடுங்க. 5 வயசுக்குள்ள இருந்தா தனி பெர்த் கேக்காத வரைக்கும் டிக்கெட் வேணாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி தான் திறக்கும், மே மாச டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், ரூம் போடறதுக்கு முன்னாடி அமாவாசை என்னைக்குன்னு காலண்டர்ல பாத்துட்டு கோயில் கூட்டம் அதிகமா இருக்கற அந்த நாள விட்டுட்டுப் போடுங்க.