கப்பலா, ரிசார்ட்டா? டயப்பர் விடும்வரை பொறுத்திருங்கள்

சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு க்ரூஸ் போவது கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கடைக்குட்டி டயப்பர் விட்டாச்சா? விட்டாச்சு என்றால் தயங்காமல் கப்பலுக்குப் போங்கள். இன்னும் இல்லை என்றால் இந்த வருடம் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் தங்குங்கள், கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் அடுத்தடுத்து மூன்று வருடங்கள் விடுமுறை போனோம், மூன்றும் 7 இரவுகள். முதலாவது கப்பல், அப்போது மகளுக்கு 5 வயது, மகனுக்கு 20 மாதம். இரண்டாவது ரிசார்ட். மூன்றாவது மறுபடியும் கப்பல். அதுவும் முதலில் போன அதே கப்பல், அதே வகைக் கேபின். மகனுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. செலவும் ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் தடவை இறங்கியபோது இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை இறங்கும்போது அடுத்தது எப்போது போகலாம் என்று கணவரிடம் நானே கேட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சாப்பாடு, நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சி எல்லாம் இரண்டிலும் உண்டு. கப்பலில் ஒரு தடவை பெட்டியைப் பிரித்து அடுக்கினால் போதும், மூன்று நான்கு ஊர்களைப் பார்த்துவிடலாம். ரிசார்ட்டில் அறை பெரிது, தரை ஆடாது, நினைத்த நேரத்தில் வெளியே போகலாம்.

அடுத்து செலவு. கப்பல் விளம்பரத்தில் போடும் கட்டணம் பெரும்பாலும் ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாக வரும் குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவாகவே இருக்கும், சில சமயம் இலவசம் என்றுகூடப் போடுவார்கள். ஆனால் துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். பணியாளர்களுக்கான டிப்ஸும் பெரும்பாலான கப்பல்களில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று குழந்தைக்கும் சேர்த்தே ஏறும். அப்புறம் வைஃபை, குளிர்பானங்கள், கரையில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு, துணி துவைக்கக் கொடுப்பது என்று ஒவ்வொன்றும் தனி. எங்கள் முதல் பயணத்தில் மொத்தக் கணக்கு, பதிவு செய்தபோது பார்த்த தொகையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது. இரண்டாம் தடவை தெரிந்து போனதால் கொஞ்சம் குறைந்தது. ரிசார்ட்டுக்கு ஆன செலவு, சாப்பாடு, வாடகை கார் எல்லாம் சேர்த்து, கப்பல் செலவில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். ஆக, கப்பல் கூடுதல்தான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. அந்தக் கூடுதல் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் டயப்பர் வந்து நிற்கிறது.

பெரிய கப்பல்களில் குழந்தைகளுக்கென்று ஒரு கிளப் இருக்கும். காலையிலிருந்து இரவு 10 மணி வரை, நடுவில் சாப்பாட்டு இடைவேளை விட்டு, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, பயணக் கட்டணத்திலேயே அடக்கம். ஆனால் ராயல் கரீபியன், டிஸ்னி போன்ற கப்பல் நிறுவனங்களில் இந்த கிளப் 3 வயதில்தான் தொடங்குகிறது. அதோடு குழந்தை கழிப்பறைக்குத் தானாகப் போகப் பழகியிருக்க வேண்டும். கார்னிவலில் 2 வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கும் சின்னக் குழந்தை என்றால் சில கப்பல்களில் நர்சரி உண்டு. அது மணிக் கணக்கில் காசு, இடமும் மிகக் குறைவு. எங்கள் முதல் பயணத்தில் ஏறிய அன்று சாயங்காலம் நர்சரிக்குப் போய்க் கேட்டோம். வாரம் முழுவதுக்கும் எங்களுக்குக் கிடைத்தது மொத்தம் நாலு மணி நேரம்.

குளத்துக்கும் இதே விதிதான். ரிசார்ட் குளங்களில் விடுவதுபோல விடுவார்கள் என்ற நினைப்பில் நாங்கள் நீச்சல் டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கிப் போயிருந்தோம். கப்பலில் அது செல்லாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களுக்கு அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி வகுத்த சுகாதார விதிகள் இருக்கின்றன. அதன்படி டயப்பர் போடும் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக்கூடாது, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் சரி. அந்தக் குழந்தைகளுக்காகவே தனியாக அமைத்த தண்ணீர் விளையாட்டு இடம் இருந்தால் அங்கே மட்டும் விடலாம். காரணம் நியாயமானதுதான்: ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழே இருக்கிற இடத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும்? விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அக்கா சறுக்கி வந்து தண்ணீரில் விழுவதைக் கரையில் நின்று பார்க்கும் ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு விதியை எப்படிப் புரியவைப்பது? எங்கள் கப்பலில் இருந்த தனி இடம் ஒரு சின்ன அறை அளவு. முதல் நாள் ஆசையாக விளையாடினான். மூன்றாம் நாள் அங்கே கூட்டிப் போனாலே பெரிய குளத்தைக் காட்டி அழ ஆரம்பித்தான்.

பகல் தூக்கம் இன்னொரு பாடு. சாதாரண உள் கேபின் 15 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் குழந்தைக்கான மடக்குத் தொட்டிலை விரித்தால் தரை முடிந்தது. ஜன்னல் இல்லாததால் விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு, குழந்தை நன்றாகத் தூங்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் எங்களில் ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர் மகளோடு மேல்தளத்தில். ராத்திரியும் அப்படியே. மகன் தூங்கும் நேரத்தில்தான் மேடை நிகழ்ச்சியே தொடங்கும். அந்த ஏழு நாளில் நானும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை, நர்சரி கிடைத்த அன்று.

இப்போது இரண்டாம் கப்பல் பயணத்தைப் பாருங்கள். முதல் நாள் மதியமே மகனுக்குக் கையில் பட்டை கட்டி கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் அரை மணி நேரம் அழுகை, அப்புறம் கூப்பிடப் போனால் வரமாட்டேன் என்று அடம். தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் என்று மூன்று மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு மேல் விட எனக்கு மனம் வரவில்லை. விட்டிருந்தால் அவன் இருந்திருப்பான். மீதி நேரம் நால்வரும் சேர்ந்து குளத்தில். சறுக்குகளுக்கு உயர வரம்பு உண்டு என்பதால் பெரிய சறுக்கில் அவனை விடவில்லை, ஆனால் சின்னச் சறுக்கே அவனுக்குப் போதுமாக இருந்தது. தூங்கும் நேரம் தள்ளிப் போயிருந்ததால் இரவு நிகழ்ச்சிக்கும் நால்வரும் போனோம். மகள் முதல் பயணத்தைவிட இதில் பல மடங்கு சந்தோஷமாக இருந்தாள், அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளோடு இருந்தது அவளுக்குப் பெரிய விஷயம்.

கணக்கு இதுதான். கப்பல் கட்டணத்துக்குள்ளே கிளப், குளம், சறுக்கு, மேடை நிகழ்ச்சி எல்லாமே அடக்கம். டயப்பர் குழந்தையோடு போகிறவர்களும் அத்தனைக்கும் காசு கொடுக்கிறார்கள், ஆனால் அனுபவிப்பது சாப்பாட்டையும் கேபினையும் கடலையும் மட்டும். ரிசார்ட்டில் அப்படி இல்லை. நாங்கள் போன இடத்தில் முழங்கால் ஆழக் குளத்தில் நீச்சல் டயப்பரோடு விட்டார்கள். தனிப் படுக்கையறை இருந்ததால் மகன் தூங்கும்போது நாங்கள் முன்னறையில் விளக்குப் போட்டுக்கொண்டு பேச முடிந்தது. பால் காய்ச்ச ஒரு சின்ன அடுப்படி. மழை பெய்த ஒரு நாள் எங்கேயும் போகவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை. அந்த வயதுக்கு ரிசார்ட்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நாலாம் நாளே மகளுக்கு அலுத்துவிட்டது. பிள்ளைகளைப் பார்க்கிற வேலை வீட்டில் எப்படியோ அப்படியேதான் இருந்தது, இடம் மட்டும் வேறு.

உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்பதில் ரிசார்ட் ஒரு படி மேல். முதல் பயணத்தில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. கப்பலில் டாக்டர் இருந்தார், நன்றாகவே பார்த்தார். ஆனால் அந்தப் பார்வைக்கான தொகை தனியாகக் கணக்கில் ஏறியது, அது சின்னத் தொகை இல்லை. நாங்கள் பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் பிறகு திரும்பக் கிடைத்தது. சாதாரண மருத்துவக் காப்பீடு கப்பல் வைத்தியத்துக்கு உதவும் என்று நம்பிப் போகாதீர்கள். கடலில் செல்லும் என்று எழுத்தில் இருக்கும் காப்பீடாகப் பார்த்து எடுங்கள். கை கழுவும் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டு அரங்கின் வாசலில் வைத்திருக்கும் சானிடைசர், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வேலை செய்யும். நாங்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் பிள்ளைகளைக் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, எல்லாக் கப்பலிலும் கிடையாது. பதிவு செய்யும்முன் கேட்டுவிடுங்கள், இருந்தாலும் கண்ணை எடுக்காதீர்கள். பால்கனிக் கேபின் எடுத்தால் கதவின் மேல்தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்க வேண்டும். நாற்காலியைக் கம்பி ஓரம் விடக்கூடாது. நாங்கள் இரண்டு தடவையும் உள் கேபின்தான் எடுத்தோம், அதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை.

துறைமுகம் வரும் நாட்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறானது. கரைக்கு இறங்கிச் சுற்றுவதற்காகத்தான் க்ரூஸ் என்பார்கள். சின்னக் குழந்தைகளோடு அது அலைச்சல். சில இடங்களில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது, சின்னப் படகில் மாறி ஏற வேண்டும், ஸ்ட்ரோலரை மடக்கித் தூக்க வேண்டும். திரும்பி வரச் சொன்ன நேரத்துக்குள் வராவிட்டால் கப்பல் காத்திருக்காது. இரண்டாம் பயணத்தில் மூன்று துறைமுகங்களில் இரண்டில் நாங்கள் இறங்கவே இல்லை. முக்கால்வாசிப் பேர் கரைக்குப் போய்விட, சறுக்கில் வரிசை இல்லை, லிஃப்ட் உடனே வந்தது. மகன் ஒரே சறுக்கில் தொடர்ந்து இருபது தடவைக்கு மேல் ஏறி இறங்கினான். எங்களுக்கு அந்த இரண்டு நாட்கள்தான் முழுப் பயணத்திலும் சிறந்த நாட்கள்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையும் கடல் அமைதியாக இருந்த பருவத்தில் போனோம், யாருக்கும் குமட்டவில்லை. பொதுவாக 2 வயதுக்குக் கீழே பயணக் குமட்டல் அரிது, பள்ளி வயதில்தான் அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளக் கேபினில் ஆட்டம் குறைவு என்பதால் அப்படிப் பார்த்து எடுத்தோம். கொந்தளிப்பில் எப்படி இருக்கும் என்று நான் அனுபவித்ததில்லை. கைக்குழந்தையோடும் போனதில்லை, பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை, பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி கூட வந்தால் என் கணக்கு மாறலாம். தூங்கும் குழந்தையோடு உட்கார இன்னொரு ஜோடிக் கை இருந்தால் டயப்பர் வயதிலும் கப்பல் சமாளிக்கக்கூடியதாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் நாங்கள் அப்படிப் போய்ப் பார்த்ததில்லை.

பதிவு செய்யும்போது இரண்டு தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குழந்தைக்கு 3 வயது நிறையும் நாள். கப்பல் ஏறும் நாளில் வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு வாரம் குறைந்தாலும் கிளப்பில் சேர்ப்பது சந்தேகம். இன்னொன்று, மீதிப் பணத்தைக் கட்ட வேண்டிய கடைசி நாள். அது பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டரை மாதம், மூன்று மாதம் முன்னால் வரும். அதற்கு முன் ரத்து செய்தால் இழப்பு குறைவு, அதற்கப்புறம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே அந்த நாளில் குழந்தை பகல் முழுக்க டயப்பர் இல்லாமல் இருக்கிறானா என்று பாருங்கள். நாங்கள் இரண்டாம் பயணத்துக்கு அப்படித்தான் செய்தோம். பணம் கட்டும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே மகன் பழகிவிட்டான். பழகாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு அதே ரிசார்ட்டுக்கு மறுபடியும் போயிருப்போம்.